ஒருக்களித்துப் படுக்க வை

உறுவையாறு
5-11-1981

அன்புள்ள மச்சான் இளங்கோவனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ பம்பாய்ப் பக்கம் தானேயில் சப்பாத்தி தின்று இன்னும் இளைத்திருப்பாய். தீபாவளிக்கு நீ வராதது உன் தங்கச்சிக்கு வருத்தம். எனக்கு இல்லை. வந்திருந்தால் என் ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துப் போட்டு, வயரிங் தப்பு என்று சொல்லிவிட்டு, மூடாமல் ரயில் ஏறியிருப்பாய். ஜெயாவுக்கு இது ஆறாம் மாதம். வாந்தி நின்றுவிட்டது. என்னைத் திட்டுவது மட்டும் நிற்கவில்லை.

மைக் செட் நன்றாக ஓடுகிறது. முன்பு மாதிரி கல்யாணம், காதுகுத்து மட்டும் இல்லை. வில்லியனூரில் அரிசி மண்டி வைத்திருக்கிறார்களே, அவர்கள் மகன் இராமச்சந்திரன், மெட்ராஸில் காலேஜ் படித்துவிட்டு வந்தவன், அவர்களுடைய ஆற்றோரத் தோப்பில் அடிக்கடி பார்ட்டி வைக்கிறான். டவுன், அரியாங்குப்பம், பாகூர் என்று பையன்கள் ஸ்கூட்டரில் வருகிறார்கள். இரண்டு பெரிய பாக்ஸ், இங்கிலீஷ் காஸெட், மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும்வரை. நம் இருசப்பன்தான் செட்டு பக்கத்தில் உட்காருகிறான். பள்ளிக்கூடத்தில் உனக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரிடமும் காப்பி அடித்தவன், இப்போது என்னிடம் வேலை பார்க்கிறான். எட்டி எட்டிப் பார்த்த கழுத்து இன்னும் நீளமாகவே இருக்கிறது.

ஒரு விஷயம். பார்ட்டிக்கு வருகிறவர்கள் ஒரு மாத்திரை போடுகிறார்கள். பொத்தான் என்பார்கள். தூக்க மாத்திரைதான். ஆனால் தூங்காமல் பிடித்து உட்கார்ந்துவிட்டால் பாட்டு காதில் கேட்பது போல இருக்காது, உடம்புக்குள் நடப்பது போல இருக்கும். நான் பொய் சொல்லவில்லை, நானும் போட்டுப் பார்த்தேன். டவுனில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே தருகிறான், விலைதான் அதிகம். உங்கள் ஃபேக்டரியில் அதைத் தயாரிக்கிறார்களாமே. மெத்த என்று ஆரம்பிக்கும் பேர். நீ அங்கே பரிசோதனை பார்க்கிறவன். கொஞ்சம் எடுத்து அனுப்ப முடியுமா? இராமச்சந்திரன் தங்கமான கஸ்டமர். அவர்கள் வீட்டுக் கல்யாணம் எல்லாம் என் செட்டுதான்.

ஜெயாவுக்கு இது தெரியாது. நீ பதில் எழுதும்போது பார்த்து எழுது.

மாப்பிள்ளை
செல்லப்பன்


தானே
14-11-1981

செல்லப்பனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை விளையாடுகிறாய் என்று நினைத்தேன்.

மாட்டேன். ஒன்றுகூட அனுப்ப மாட்டேன். ஃபேக்டரியில் திருடச் சொல்கிறாய் என்பது ஒரு பக்கம் கிடக்கட்டும். என்ன கேட்கிறாய் என்று உனக்கே தெரியவில்லை. அதன் பேர் மெத்தகுவலோன். தூக்கம் வராத நோயாளிக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது. அதைத் தின்றுவிட்டு பிராந்தி குடிப்பீர்கள், இல்லையா? நீ எழுதவில்லை. எழுதாவிட்டாலும் தெரியும், அங்கே தடுக்கி விழுந்தால் ஒயின் ஷாப். மூச்சு விடு என்று மூளை உடம்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, நாம் தூங்கும்போதும். பிராந்தி அந்தக் குரலைக் குறைக்கும். மாத்திரையும் அதே குரலைத்தான் குறைக்கும். உன் ஆம்ப்ளிஃபையரில் ஒரே வால்யூமை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமிருந்து திருகிக் குறைத்தால் என்ன ஆகும்? பாட்டு நின்றுவிடும். அவ்வளவுதான் கதை. இதற்கு மேல் சொல்ல என்னிடம் நேரமில்லை.

பிள்ளை பெறப் போகிறவளை வீட்டில் வைத்துக்கொண்டு உடம்புக்குள் பாட்டு நடக்கிறதாம். இன்னொரு முறை இதைப் பற்றி எழுதினால் ஜெயாவுக்கு எழுதுவேன். வில்லியனூர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் எழுதுவேன்.

இளங்கோவன்


உறுவையாறு
26-11-1981

மச்சானுக்கு,

போலீஸுக்கு எழுது. இன்ஸ்பெக்டர் வீட்டுக் காதுகுத்துக்கும் நான்தான் செட்டு கட்டினேன், விலாசம் வேண்டுமானால் தருகிறேன்.

மாத்திரையைப் போடுகிற ஃபேக்டரியில் நீ கை நீட்டிச் சம்பளம் வாங்கலாம், அது உத்தியோகம். வாங்கித் தின்கிறவன் குற்றவாளி. நல்ல நியாயம். நான் உன்னிடம் கேட்டது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ எழுதின தோரணை இருக்கிறதே, உன் தங்கச்சியைக் கட்டியவனுக்கு எழுதுவது போல இல்லை. பேட்டையில் பிடிபட்ட கோழித் திருடனுக்கு எழுதுவது போல இருந்தது.

மூச்சு நின்றுவிடும் என்று எழுதியிருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை இருசப்பன் ஒன்று போட்டான். பிடிக்கவில்லை. போதை ஏறவில்லை என்று இன்னொன்று போட்டான். அப்புறம் பிராந்தி. வேரறுந்த வாழை மாதிரி சாய்ந்தான். என்ன ஆயிற்று? வழக்கம்போல மோட்டார் கொட்டாய்க்குத் தூக்கிக்கொண்டு போய், குழாய்க்கு அடியில் மல்லாத்தி, வாயைத் திறந்து புளித்த மோர் ஊற்றினோம். கொஞ்ச நேரம் இருமினான். அப்புறம் கண்ணைத் திறந்து, "எவன்டா என் புது சட்டைய நனைச்சது" என்று கேட்டான். சட்டைதான் அவனுக்குக் கவலை. நீ பம்பாயில் படித்ததை நாங்கள் மோட்டார் கொட்டாயில் தீர்த்துவிட்டோம்.

நம்பவில்லையானால் நீயே பரிசோதனை பண்ணிப் பார்த்துக்கொள். கடையில் வாங்கியதில் இரண்டு, பஞ்சில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறேன். என்ன கெடுதல் இருக்கிறது என்று சொல். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் எழுதாதே.

செல்லப்பன்


தானே
10-12-1981

செல்லப்பனுக்கு,

சொல்ல இருக்கிறது.

நீ அனுப்பிய இரண்டையும் லேபில் பார்த்தேன். சூபர்வைசர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், யாருக்கும் தெரியாமல். தெரிந்தால் என் வேலை போகும். உனக்காக இதுவரை நான் செய்ததிலேயே முட்டாள்தனமான காரியம் இதுதான், ஜெயாவைக் கொடுத்ததற்கு அடுத்து.

ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது. அதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். நீ அனுப்பியவை எந்த நல்ல ஃபேக்டரியிலும் போட்டவை அல்ல. யாரோ ஓர் அறைக்குள் மாவு கலந்து அழுத்தியவை. கலக்கக்கூடச் சோம்பல். ஒன்றில் மருந்து பாதிகூட இல்லை. மற்றதில் இரண்டு மாத்திரைக்கும் மேலான மருந்து. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கடிக்காதே, நக்கிப் பார்க்காதே, நாக்கு சொல்லாது.

இப்போது இருசப்பன் கதையைத் திரும்ப யோசி. முதலில் போட்டது மாவு. பிடிக்கவில்லை என்று இரண்டாவது போட்டான். அந்த இரண்டாவதில் என்ன இருந்தது என்று அவனுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது. பிழைத்தது உங்கள் மோரால் அல்ல. சும்மா பிழைத்தான்.

தின்னாதே என்பது என் கருத்து. அது மாறாது. ஆனால் நான் சொன்னால் நீ கேட்பதில்லை என்பது பள்ளிக்கூடத்திலிருந்தே நிரூபணமான விஷயம். எனவே, தின்கிறவன் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதுகிறேன். கவனமாகப் படி.

பிராந்தி என்றால் பிராந்தி, மாத்திரை என்றால் மாத்திரை. ஒரே நாளில் இரண்டும் கூடாது. பிடிக்கவில்லை என்று அடுத்ததை எடுப்பது கூடவே கூடாது, அன்றைக்கு அவ்வளவுதான் என்று வீட்டுக்குப் போகட்டும். தின்றவன் ஸ்கூட்டரைத் தொடக் கூடாது, ஆற்றில் இறங்கக் கூடாது. கூட்டத்தில் ஒருவன் ஒன்றும் போடாமல், ஒன்றும் குடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு போகிறவன் நீ, அதனால் அது நீயாக இரு.

அடுத்தது உங்கள் மோட்டார் கொட்டாய். நீ அதைப் பெருமையாக எழுதியிருந்தாய். சாராயம் குடித்தவனுக்கே அது ஆபத்து. மாத்திரை தின்று விழுந்தவனுக்கு இருமவே வராமல் போகலாம். அவனை மல்லாத்திப் போட்டு வாயில் மோர் ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். குழாய்த் தண்ணீரும் அப்படியே. அவனே எடுத்த வாந்தியும் அப்படியே. விழுந்தவன் வாயில் ஒன்றும் ஊற்றாதே. ஒருக்களித்துப் படுக்க வை. மேலே இருக்கிற காலை மடக்கி முன்னால் வை, அப்போதுதான் உருள மாட்டான். முகம் லேசாகத் தரையைப் பார்க்கட்டும், வருவது வெளியே போகும். பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சைக் கவனி. குறட்டை மாதிரி வந்து, நின்று, மறுபடி வந்தால் அது தூக்கம் இல்லை. உதடு கறுத்தால் அது தூக்கம் இல்லை. கூப்பிட்டும் கிள்ளியும் எழாதவன் தூங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கு.

அந்தக் கடையில் மறுபடி வாங்கினாய் என்று தெரிந்தால் மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன்.

இளங்கோவன்


உறுவையாறு
28-12-1981

அன்புள்ள மச்சான்,

உன் கடிதத்தைப் பத்திரமாக ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். இரண்டு மாத்திரைக்குள் அத்தனை வித்தியாசம் என்று படித்ததும் எனக்கு உள்ளங்கால் குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு அந்தப் பொட்டலத்திலிருந்து நானும் ஒன்று போட்டிருந்தேன். இனிமேல் நான் தொடுவதில்லை. ஜெயா வயிற்றைத் தொட்டுச் சத்தியம் பண்ணலாம் என்றுதான் பார்த்தேன், எதற்கு என்று கேட்பாள், அதனால் மனதுக்குள் பண்ணிக்கொண்டேன்.

இருசப்பனை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். "இன்னாடா, இளங்கோ பம்பாய் போயி டாக்டராயிட்டானா? ஒருக்களிச்சிப் படுக்கணும்னு சொல்றதுக்கு ஒருத்தன் தபால் போடணுமா? எங்க வூட்ல இடமே அவ்ளோதான், நான் பொறந்ததுலேர்ந்து ஒருக்களிச்சிதான் படுக்கறேன்" என்கிறான். ஆனால் முழுக்கக் கேட்டான். நடுவில் ஒரு தரம், "அந்த ரெண்டாவது பொத்தான்ல இன்னா இருந்திருக்கும்" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். தை ஐந்தாம் தேதி ஆற்றுத் திருவிழாவுக்கு இராமச்சந்திரன் தோப்பில் பெரிய பார்ட்டி. மாத்திரையும் நானே வாங்கி வர வேண்டும் என்கிறான். முடியாது என்றால் அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு வேறு செட்டு பார்த்துக்கொள்வானாம். வேறு கடை எனக்குத் தெரியாது. இது கடைசித் தடவை மச்சான். நான் ஒன்றும் போட மாட்டேன். நீ எழுதின மாதிரி கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. ஜெயாவுக்கு மட்டும் எழுதிவிடாதே, இந்த நேரத்தில் அவள் தாங்க மாட்டாள்.

செல்லப்பன்


தானே
5-1-1982

செல்லப்பா,

வாங்காதே. போகாதே. செட்டு வாடகைக்காக விஷம் சுமக்கிறவனுக்கு நான் வேறு என்ன எழுதுவது? எழுதின அத்தனையும் படித்துவிட்டு அதே கடைக்குப் போகிறேன் என்கிறாய். உனக்கு விளக்கிச் சொன்ன நேரத்தில் ஒரு மாட்டுக்குச் சொல்லியிருக்கலாம்.

ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். அந்தத் தோப்பில் எவனுக்காவது ஏதாவது ஆனால், முதல் ஆளாக உன்னைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பவன் நான்தான். தங்கச்சி புருஷன் என்று பார்க்க மாட்டேன்.

இளங்கோவன்


டவுன், பெரிய ஆஸ்பத்திரி வராந்தா
21-1-1982

மச்சானுக்கு,

தந்தி கொடுக்கலாம் என்று நினைத்தேன். தந்தியில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இருசப்பன் உள்ளே இருக்கிறான். தொண்டையில் குழாய். இன்னும் கண் திறக்கவில்லை.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஆற்றுத் திருவிழா அன்று மத்தியானம். சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் ஆற்றுக்கு வந்துகொண்டிருந்தன, மேளச் சத்தத்தில் என் செட்டு எடுபடவில்லை. நான் ஒன்றும் போடவில்லை, குடிக்கவும் இல்லை. இருசப்பனுக்கும் சொல்லித்தான் வைத்திருந்தேன். மாத்திரை ஒன்று போட்டான், நான் பார்த்தேன். அதற்கு முன்னாலேயே டெம்போவுக்குப் பின்னால் நின்று பிராந்தி குடித்திருக்கிறான். அதை நான் பார்க்கவில்லை. நான் திட்டுவேன் என்று மறைத்துக் குடித்திருக்கிறான்.

ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிவிட்டுத் திரும்பினால் செட்டு பக்கத்தில் ஆளைக் காணோம். "எங்கடா இருசப்பன்" என்றேன். "சாஞ்சிட்டான்ணே, பசங்க தூக்கிக்கினு போயிருக்காங்க" என்றார்கள். எங்கே என்று கேட்கவில்லை. ஓடினேன். குழாய்க்கு அடியில் மல்லாக்கக் கிடந்தான். ஒருத்தன் தாடையைப் பிடித்திருக்கிறான், ஒருத்தன் சொம்பில் மோர் ஊற்றுகிறான். எல்லோருக்கும் சிரிப்பு. நான் அவர்களைப் பிடித்துத் தள்ளிவிட்டு அவனை வெளியே இழுத்தேன். ஒருக்களித்துப் போட்டேன். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீரும் மோருமாக வந்தது. உதடு நாவல்பழம் தின்றவன் மாதிரி இருந்தது. மூச்சு குறட்டையாக வரும், நிற்கும். நிற்கும்போது எனக்கும் நின்றது.

இராமச்சந்திரனிடம் கார் கேட்டேன். "ஒண்ணும் இல்லப்பா, சரக்கு ஓவர். தூங்கி எழுந்தா சரியாயிடும். என் காருல வாந்தி எடுத்து வெச்சான்னா எங்கப்பாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது" என்றான். பாக்ஸ்களை டெம்போவிலிருந்து உருட்டித் தள்ளிவிட்டு இவனைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பாகூர்ப் பையன் ஒருத்தன் பின்னால் ஏறி இவனைச் சாயாமல் பிடித்துக்கொண்டான். ரோடெல்லாம் சாமி வண்டி. ஹாரன் அடித்தால் ஒருத்தர் திரும்பி, "சாமிக்கே வழி வுட மாட்டியா நீ" என்றார். கரும்பு விற்ற அம்மா ஒருத்தி டெம்போவுக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் அவள்தான் கரும்பை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடி, கூட்டத்தை அடித்து விலக்கினாள்.

இதுவரைக்கும் நீ எழுதினபடி செய்தேன். இனிமேல் நான் செய்ததைக் கேள்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர். "இன்னா சாப்பிட்டாரு?" என்றார். பிராந்தி என்றேன். "வேற?" என்றார். வேற ஒண்ணும் இல்லம்மா என்றேன்.

ஆமாம், சொன்னேன். மாத்திரை என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரத்தில் உன் கையெழுத்து கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. முதல் ஆளாகப் பிடித்துக் கொடுப்பேன் என்று எழுதினாயே, அந்த வரி. ஜெயா மாசமாக வீட்டில் இருக்கிறாள். நான் உள்ளே போனால் அவள் கதி என்ன என்று ஓடியது. சொல்லவில்லை. டாக்டரும் குடிகாரனைப் பார்க்கிறபடி பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து மூச்சைக் கேட்டார், குளுக்கோஸ் பாட்டில் மாட்டினார், அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் அவன் பக்கத்திலேயே நின்றேன். மூச்சு நின்றது. வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அப்புறம்தான் ஓடிப்போய், "மாத்திரை போட்டிருக்கான்மா" என்று கத்தினேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. எந்த மாத்திரை, எத்தனை, எப்போது, அதை மட்டும் கேட்டார். கேட்டுக்கொண்டே தொண்டைக்குள் குழாயை விட்டு, மூச்சு ஊதும் பையை அமுக்க ஆரம்பித்துவிட்டார். எல்லாம் முடிந்து கை கழுவும்போது கேட்டார். "வந்த ஒடனே சொல்லியிருந்தா இதை அப்பவே போட்டிருப்பேன். யாருக்குப் பயந்தே?"

யாருக்குப் பயந்தேன் என்று நான் சொல்லவில்லை மச்சான். உன் பேரை அங்கே எடுக்கவில்லை.

உனக்கு எல்லாம் எழுதத் தெரிந்தது. காலை எப்படி மடக்க வேண்டும் என்றுகூட எழுதினாய். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை. அந்த இடத்தில் போலீஸ் என்று எழுதினாய். இப்போது போலீஸும் வந்துவிட்டது. மைக் செட்டுக்காரன்தான் மாத்திரை கொண்டு வந்தான் என்று தோப்புக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். பொய் இல்லையே. நீ ஒரு சிரமமும் எடுக்க வேண்டியதில்லை.

செல்லப்பன்


தானே
27-1-1982

மாப்ளே,

நீ எழுதியது சரி. அந்த வரியை எழுதியவன் நான். கோபத்தில் எழுதினேன் என்று சொல்ல வரவில்லை, கோபம் இல்லாமல் நான் எதை எழுதியிருக்கிறேன்? ஒரு மருந்துக்கு உபயோகக் குறிப்பு எழுதும்போது இப்படி ஒரு வரியை விட்டிருந்தால், அதைப் படித்தவன் செத்திருந்தால், எழுதியவனைத்தான் நான் கேட்டிருப்பேன். உன் கடிதம் வந்ததிலிருந்து தூங்கவில்லை. அதைப் பற்றி நேரில் பேசலாம். இப்போது வேலை இருக்கிறது.

மிச்ச மாத்திரை உன்னிடம் இருந்தால் ஆற்றில் போடாதே. டாக்டரிடம் கொடு. நான் பரிசோதனை பண்ணின விவரத்தை எழுதி, பேர், வேலை, கையெழுத்து எல்லாம் போட்டு, அந்த டாக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உள்ளே போனது எவ்வளவு என்று அவர் குருட்டாம்போக்கில் கணக்குப் போட வேண்டாம். சூபர்வைசரிடமும் நானே போய்ச் சொன்னேன். மெமோ வந்திருக்கிறது. விசாரணை முடியும்வரை லீவு கிடையாது, ஊரை விட்டு நகரக் கூடாதாம். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் அங்கே நின்றிருப்பேன்.

போலீஸிடம் நடந்ததை நடந்தபடி சொல். யார் சொல்லி வாங்கினாய், எந்தக் கடை, அதையும். இருசப்பன் தின்றது ஒரு பொட்டலத்திலிருந்து. அதே பொட்டலம் வேறு யார் யார் சட்டைப்பையில் இருக்கிறது? என்னைத் தூங்கவிடாதது அதுதான். கண்டுபிடி. அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த வழியில் சொல்லித்தான் இவ்வளவு.

ஜெயாவுக்கு நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். நீ சொல்.

அவன் கண் திறந்தால் தந்தி கொடு. திறக்காவிட்டாலும் கொடு.

இளங்கோவன்


உறுவையாறு
11-2-1982

அன்புள்ள மச்சான்,

தந்தி கிடைத்திருக்கும். குழாயை எடுத்துவிட்டார்கள். தண்ணீரும் மோரும் போன நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, அதுதான் அவனை இழுத்தடித்தது. பேச்சு இன்னும் குழறுகிறது. வலது கை சொன்னபடி கேட்கவில்லை. வர வரச் சரியாகும் என்கிறார் டாக்டர், எவ்வளவு என்று சொல்ல மாட்டேன் என்கிறார். இந்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்; சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு கிடக்கிறான், ஒருத்தரும் அவனோடு உட்கார்ந்து ஆடுவதில்லை. உன் விவரம் வந்ததும் அவர் அதைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்தி வைத்துக்கொண்டார்.

செட்டு ஸ்டேஷனில் கிடக்கிறது. என் மேல் கேஸ். இராமச்சந்திரனை அவர்கள் அப்பா மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டார். கடை பூட்டியிருக்கிறது, எத்தனை நாளைக்கோ.

ஜெயாவிடம் நானே சொன்னேன். அழவில்லை. "அண்ணனும் நீயும் பக்கம் பக்கமா எழுதிக்கினீங்களே, ஒரே வூட்ல இருக்கறவ எங்கிட்ட ரெண்டு பேருக்கும் வாய் வரலையா" என்றாள். அப்புறம் நான்கு நாள் பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் வலி வந்தது, வண்டி கூப்பிடு என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம்.

இப்போது முக்கியமான சங்கதி. பாகூரிலிருந்து இரண்டு பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தன் அன்றைக்கு டெம்போவில் ஏறியவன். தண்ணீர் குடித்தார்கள், குழந்தையைப் பார்த்தார்கள். கடைசியில் டெம்போவில் வந்தவன் கேட்டான். "அண்ணே, ஸ்டேஷன்ல எங்க பேரு சொன்னியா?"

"கடைக்காரன் பேரு சொன்னேன், தோப்புக்காரன் பேரு சொன்னேன், எம் பேரு சொன்னேன். தின்னவங்க பேரு எதுவும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்" என்றேன்.

அதற்கப்புறம்தான் சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தான். அதே பொத்தான். அதை அவர்களாகவே தூக்கிப் போட மனசு வரவில்லையாம், அடுத்த மாசம் கூட்டாளிக்குக் கல்யாணமாம். உன் பழைய கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மாத்திரை வித்தியாசம் வரைக்கும் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். நீ திட்டுகிற இடம் வந்ததும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

பொட்டலத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாசக் கடைசி ஞாயிறு மறுபடி வருவார்கள். அவர்களுக்கு நீ ஒன்று எழுத வேண்டும். எனக்கு எழுதுகிற மாதிரி எழுதாதே, அவர்களுக்கே எழுது. முதல் வரியில் எதைச் சொல்ல வேண்டும் என்று இப்போது உனக்கே தெரியும். திட்டாமல் எழுது. உன்னால் முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

செல்லப்பன்


தானே
18-2-1982

மாப்ளே,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இதுதான் வந்தது. கீழே இருப்பதை மட்டும் கிழித்து அவர்களிடம் கொடு. குழந்தைக்கு என் அன்பு. ஜெயாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இளங்கோவன்


பாகூர்த் தம்பிகளுக்கு,

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். போலீஸிடமும் இல்லை, உங்கள் வீட்டிலும் இல்லை. உங்கள் பேர் எனக்குத் தெரியாது, செல்லப்பனிடம் கேட்கவும் மாட்டேன்.

நான் மாத்திரைகளைப் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறேன். உங்கள் கையில் இருக்கிற பொட்டலத்தில் எதில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று என்னாலும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அதைச் செல்லப்பனிடம் கொடுத்துவிடுவது நல்லது. அவன் ஏன், எப்படி என்று கேட்க மாட்டான்.

கொடுக்க மனசு வரவில்லை என்றால், அப்போதும் என்மேல் கோபித்துக்கொண்டு இதைக் கிழித்துவிடாதீர்கள். தனியாக இருக்கும்போது வேண்டாம். குடித்த அன்றைக்கு வேண்டாம். ஒன்றில் போதை பிடிக்கவில்லை என்றால் அடுத்ததைத் தொட வேண்டாம், இருசப்பன் முதல் முறை சாய்ந்தது அப்படித்தான். கூட ஒருத்தர் தெளிவாக இருங்கள். அவருக்குத் தெரியாமல் மறைத்துக் குடிக்காதீர்கள், அவர் திட்டினாலும் பரவாயில்லை. திட்டுகிறவர் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும்.

யாராவது விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம். மோட்டார் கொட்டாய்க்குத் தூக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். டாக்டர் என்ன சாப்பிட்டான் என்று கேட்பார். உள்ளதைச் சொல்லுங்கள். அவர் அதைக் கேட்பது குழாயை எப்போது போடுவது என்று தெரிந்துகொள்ள, உங்களைப் பிடித்துக் கொடுக்க இல்லை. அதற்கப்புறம் ஏதாவது சிக்கல் வந்தால் எனக்கு எழுதுங்கள். நான் வந்து உங்கள் பக்கத்தில் நிற்கிறேன். இங்கே வேலை போனாலும் போகும், எனக்கு நேரம் இருக்கும்.

இன்னொன்று. டெம்போவில் இருசப்பனைச் சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தது உங்களில் ஒருவர் என்று செல்லப்பன் எழுதியிருந்தான். வழியிலேயே அவன் உயிர் போகாமல் இருந்ததற்கு அது ஒரு காரணம். அவன் இப்போது வீட்டுக்கு வந்திருப்பான். பேச்சு குழறும், கை நடுங்கும், அதனால் ஒருத்தரும் அவனோடு உட்கார்ந்து சீட்டாடுவதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை உறுவையாறு வரும்போது அவன் வீட்டிலும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். சீட்டைப் பார்த்துப் போடுங்கள், அவன் எட்டிப் பார்ப்பான்.

இளங்கோவன்